அண்ணன் வாங்கிய கூடார வண்டி

எங்கள் பாட்டியார் தாம் சிறுமியாயிருந்தபோது வல்லிபுரக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குக் கூடார வண்டிலிற் சென்ற கதையை அடிக்கடி சொல்லுவார். அரிசி, பருப்பு, பானை, பாய், குழந்தைகள் அனைத்தையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிற் புறப்படுவார்களாம். போய்ச் சேர்ந்ததும் மாடுகளை அவிழ்த்து மரத்தடியிற் கட்டிவிட்டு, வண்டிலின் கீழேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, அங்கேயே பாய் விரித்து உறங்குவார்களாம். "வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போனோம்" என்று அவர் கதையை முடிப்பார். அந்தச் சொற்களின் பொருளை யாழ்ப்பாணத்தில் அன்றிக் கனடா நாட்டில், அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்று நான் முழுவதும் அறிந்துகொள்ள நேர்ந்தது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில், பாடசாலை விடுமுறையோடு சிறிது லீவும் எடுத்துக்கொண்டு, ரொறொன்ரோ நகருக்கு அண்மையில் வசிக்கும் என் தமையனாரிடம் சென்றிருந்தேன். வீட்டு வாசலில், நம் ஊர் உழவு இயந்திரப் பெட்டியிலும் சற்றுப் பெரிதாக, தட்டையான மூடியுடன் ஒரு பெட்டி இரண்டு சில்லுகளின் மேல் நின்றது. "இது என்ன அண்ணை?" என்று கேட்டேன். அவர் விடை சொல்லாமல் ஒரு கைப்பிடியைப் பொருத்திச் சுற்றத் தொடங்கினார். உருக்குக் கயிறு கப்பிகளின் வழியே கிறீச்சிட்டுக்கொண்டு ஓட, நான்கு மூலைகளிலும் இருந்த தூண்கள் ஒன்றனுள் ஒன்றாக இருந்தவை நீண்டெழுந்து மூடியைத் தூக்கின. முன்னும் பின்னும் இரண்டு கட்டில்கள் இழுப்பறை போல வெளியே வந்தன. அவற்றைச் சுற்றிக் கித்தான் சுவர்கள் விரிந்தன. சில நிமிடத்திற் பெட்டி வீடாகிவிட்டது.

வட அமெரிக்க மக்கள் கோடை காலத்தில் மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் மடிப்புக் கூடார வண்டி அது. சிறிய வண்டிகளாலும் இழுக்கக்கூடியதாகவும், ஓடும்போது காற்றை எதிர்க்காமற் பதிந்து கிடப்பதாகவும் இருப்பதால், 1960களிலும் 1970களிலும் நடுத்தரக் குடும்பங்கள் இதனைப் பெரிதும் விரும்பின. அண்ணன் வாங்கியது 1989இற் செய்யப்பட்டது. விலை தொள்ளாயிரம் டொலர். அந்த விலைக்கு அது ஏன் கிடைத்தது என்பது உள்ளே காலை வைத்தவுடன் விளங்கியது. ஒரு மூலையில் நிலப்பலகை உளுத்துப்போய், என் பாதம் அதனுள்ளே இறங்கிற்று.

"இந்தப் பழசை ஏன் வாங்கினீர்கள்?" என்று அன்றிரவு கேட்டேன். அண்ணன் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

அண்ணன் 1992ஆம் ஆண்டு, தமது இருபத்திரண்டாம் வயதில், ஓரிரவு கிளாலிக் கடலேரியை வள்ளத்திற் கடந்து ஊரைவிட்டுச் சென்றவர். கனடாவிற் பகலில் ஒரு தொழிற்சாலையிலும் இரவில் ஓர் உணவுச்சாலையிலுமாக இரண்டு வேலை செய்து, எங்கள் சகோதரிகளைக் கரையேற்றினார். என்னைப் பல்கலைக்கழகத்திற் படிப்பித்தார். அவருக்கு ஒரே மகன். அவன் ஏழு வயதிலே, "என் வகுப்பிலுள்ளவர்கள் எல்லாரும் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்கள், நாங்கள் எப்போது போவோம்?" என்று கேட்டானாம். "வாற வருஷம் போவோம்" என்றாராம் இவர். அந்த வாற வருஷம் பன்னிரண்டு ஆண்டுகளாக வரவில்லை. இப்போது பையனுக்குப் பத்தொன்பது வயது. செப்ரெம்பர் தொடக்கத்தில் ஒட்டாவாவிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறான். தகப்பனும் மகனும் ஒரு மேசையில் இருந்து உண்டாலும், உப்பையும் தண்ணீரையும் தவிர வேறொன்றும் கேட்டுக்கொள்வதில்லை என்பதை வந்த இரண்டாம் நாளே நான் கண்டுகொண்டேன்.

"ஓகஸ்ற் இருபத்துமூன்றாந் தேதிக்கு அல்கொங்குவின் காட்டிலே இடம் பதிந்துவிட்டேன் தம்பி. அதற்குள் இதைச் சரிக்கட்ட வேணும்" என்றார் அண்ணன். எங்களுக்கு இருந்தவை பதினேழு நாட்கள்.

மரவேலை ஒரு வாரம் பிடித்தது. உளுத்த பலகையை வெட்டியெடுத்துப் புதியது பொருத்தினோம். மழைநீர் இறங்கிய கூரை மூட்டுகளைச் சுரண்டிப் பசை பூசினோம். கித்தானின் கிழிசல்களுக்கு ஒட்டுப் போட்டோம். கூரையின் கீழே வேலை செய்யும் போதெல்லாம், உருக்குக் கயிற்றை நம்பாது, நான்கு மூலைக்கும் மரக்கட்டை முண்டு கொடுத்தோம். தேய்ந்த கயிறு அறுமானால், கூரை மனிதன் மேல் விழும். அண்ணன் மகன் முதலிரண்டு நாள் யன்னலாற் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், தன்னை ஒருவரும் கூப்பிடாமலே வந்து ஒரு திருகாணி முடுக்கியைக் கையில் எடுத்தான்.

அதன் பின்னர் மின்கம்பி வேலை. கல்லூரியில் இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பிக்கும் நான், அது எனக்கே உரிய துறை என்று சிறிது பெருமையோடுதான் முன்வந்தேன். அந்த வண்டியில் இரண்டு வகை மின்சாரம் ஓடுகின்றது. விளக்குகளுக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் 12 வோல்ற்று மின்கலம். மின்னிணைப்புள்ள தங்குமிடத்திற் செருகிக்கொள்வதற்கு 120 வோல்ற்று ஆடலோட்டம். கம்பிகளைப் பல இடங்களில் எலி கடித்திருந்தது. அதனிலும் கொடியதொன்றை உருகிப் பெட்டியிற் கண்டோம். 15 அம்பியர் உருகி இருக்கவேண்டிய இடத்தில், முன்னர் வைத்திருந்தவர் 30 அம்பியர் உருகியைச் செருகியிருந்தார். உருகி விளக்கைக் காப்பதற்கு மட்டும் உள்ளதன்று. சுவருக்குள் மறைந்திருக்கும் கம்பி சூடேறித் தீப்பற்றாமற் காப்பதே அதன் கடமை. கம்பி தாங்கமாட்டாத ஓட்டத்தைத் தாங்கும் உருகியைப் போட்டால், உருகி பிழைத்துக்கொள்ளும், வீடு எரியும்.

இனி நான் என் பிழையைச் சொல்லவேண்டும். நம் நாட்டின் பழைய வீடுகளிற் சிவப்புக் கம்பி உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமற் கம்பி, பச்சை புவிக்கம்பி. பிற்காலத்து வீடுகளில் மண்ணிறம் உயிர், நீலம் நொதுமல். கனடாவிலோ 120 வோல்ற்றுச் சுற்றிற் கறுப்பே உயிர்க்கம்பி, வெள்ளை நொதுமல், பச்சை புவி. அதே வண்டியின் பின்விளக்குகளுக்குச் செல்லும் நான்கு கம்பிகளில் வெள்ளை புவிக்கம்பி; மண்ணிறம் பின்விளக்கு; மஞ்சள் இடப்பக்கச் சமிக்ஞை; பச்சை வலப்பக்கச் சமிக்ஞை. ஒரே நிறம் இடத்துக்கு இடம் வேறு பொருள் தருகின்றது. இவற்றையெல்லாம் முதனாட் படித்து ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். ஆயினும் கை, தாளைப் பார்ப்பதில்லை, பழக்கத்தையே பார்க்கின்றது. சுவரிலிருந்து கழன்று தொங்கிய ஒரு கறுப்புக் கம்பியை, நொதுமல்தானே என்று நினைத்துப் பிடிக்கப் போனேன். மின்கலத்தை ஏற்றுவதற்காக அண்ணன் வீட்டிலிருந்து இணைப்புக் கொடுத்திருந்ததை நான் அறியேன், அறிய முயலவுமில்லை.

"சித்தப்பா, தொடாதேங்கோ!"

அதுவரை என்னோடு ஆங்கிலத்திலேயே பேசிவந்த பையனின் வாயிலிருந்து வந்த தமிழ் அது. அவன் மானியைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினான். முள் இல்லை, எண்தான்: 120. தொடுமுன் இணைப்பைத் துண்டி, துண்டித்தபின்னும் சோதித்துப் பார் என்று எத்தனை மாணவருக்குச் சொல்லியிருப்பேன்! அன்று மாலை முழுவதும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பையனோ அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. நானே உணவு மேசையிற் சொன்னேன். அண்ணன் மகனை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல காலம் நீ நின்றாய்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த மேசையில் உப்பையும் தண்ணீரையும் விட வேறொரு பேச்சு அன்றுதான் எழுந்தது.

இருபத்தோராந் தேதி இரவு எல்லாக் கம்பியும் புதிதாக ஓடி முடிந்திருந்தது. வண்டியை மோட்டாரின் பின்னே கொளுவிச் சோதித்தோம். இடப்பக்கச் சமிக்ஞையைப் போட்டால் வலப்பக்கப் பின்விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டியது. தடுப்பை மிதித்தால் இருபுறமும் மங்கிப்போயின. இணைப்புகளை மூன்று முறை சரிபார்த்தோம். ஒரு பிழையும் தெரியவில்லை. நள்ளிரவாகிவிட்டது.

"பகலிலே போய்ச் சேர்ந்துவிடலாம் தம்பி, வெளிச்சம் இல்லாவிட்டால் என்ன?" என்றார் அண்ணன். பெருந்தெருவிலே மூன்று மணி நேரப் பயணம். பின்னே வருபவனுக்கு நாம் நிற்கப்போவதை அறிவிக்கும் விளக்கின்றிப் போவதற்கு நான் இணங்கவில்லை. "அப்படியானால் போகவேண்டாம்" என்றேன். பையன் கையிலிருந்த விளக்கை நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினான். அண்ணனின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அவ்வேளையில், என் நினைவு வேறொரு முற்றத்துக்குச் சென்றது. 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. மின்கலங்களும் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டிற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்போம். நான் படிப்பதற்கென்று அண்ணன் அதிலே ஒரு சிறு மின்குமிழும் பொருத்தித் தந்தார். பத்து வயதுச் சிறுவனாகிய நான் கவனித்தேன்: டைனமோவிலிருந்து குமிழுக்கு ஒரேயொரு கம்பிதான் சென்றது. "மின்சாரம் திரும்பி வரவேணுமே அண்ணை, மற்றக் கம்பி எங்கே?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, சைக்கிள் சட்டத்தில் ஓரிடத்து வண்ணத்தைப் பிளேட்டாற் சுரண்டி இரும்பைக் காட்டினார். "சைக்கிள்தான் மற்றக் கம்பி" என்றார்.

"அண்ணை," என்றேன் நான் இப்போது, "மற்றக் கம்பி எங்கே?"

அவர் என்னை ஒரு கணம் விழித்துப் பார்த்தார். பின்பு ஒரு சொல்லும் பேசாமல் அரத்தாளை எடுத்துக்கொண்டு வண்டியின் கீழே புகுந்தார். நாங்கள் போகும் கம்பிகளையெல்லாம் புதிதாக்கிவிட்டு, திரும்பும் வழியை மட்டும் பழைய துருப்பிடித்த திருகாணியிலேயே பூட்டியிருந்தோம்! மாணவர்களுக்காகக் கணக்கைச் சொல்லுகிறேன். 12 வோல்ற்றில் 24 வாற்று விளக்கு 2 அம்பியர் எடுக்கும். அதன் தடை 6 ஓம். துரு இன்னுமோர் 2 ஓம் தடையைச் சேர்த்தால், ஓட்டம் 1.5 அம்பியராகக் குறையும். இழையின் தடை வெப்பத்தோடு மாறுவதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், விளக்குக்குக் கிடைப்பது 13.5 வாற்று, ஏறத்தாழப் பாதி. துரு இன்னும் மிகுந்தால், தன் வழியால் திரும்பமுடியாத மின்சாரம் பக்கத்து விளக்குகளின் இழை வழியே திரும்பப் பார்க்கும். அதனாலேயே ஒரு கண்ணைச் சிமிட்ட மறு கண்ணும் சிமிட்டிற்று.

இரும்பு வெண்மையாகத் தெரியும்வரை அண்ணன் தேய்த்தார். சட்டத்தை மட்டும் நம்பாது, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு வெள்ளைக் கம்பியைத் தனியே இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தோம். உள்ளே போன பையனும் திரும்பிவந்து கைவிளக்கைப் பிடித்தான். "சைக்கிளைப் பற்றி என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டான். அண்ணன் வண்டியின் கீழே மல்லாந்து கிடந்தபடியே சொல்லத் தொடங்கினார். விளக்குகள் இரண்டும் செம்மையாக எரிந்தபோது மணி இரண்டரை. கதை அதன் பின்னரும் முடியவில்லை.

அல்கொங்குவின் 1893ஆம் ஆண்டிலே காப்பகமாக்கப்பட்ட பெருங்காடு. 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்பும் எண்ணற்ற ஏரிகளும் உடையது. ஏரிக்கரையிலே எங்கள் கூரையை உயர்த்தினோம். புரொப்பேன் வாயு காற்றிலும் கனமானதாகையால் தாழ நிற்கும். அதற்கான எச்சரிக்கைக் கருவியை நிலத்தருகே பொருத்தியிருந்தோம். அதைச் சோதித்த பின்னரே அடுப்பை மூட்டினோம். அண்ணன் சோறும் பருப்பும் சமைத்தார். இருண்டபின், கனடாவின் ஒரு டொலர் நாணயத்திலே பொறிக்கப்பட்டுள்ள லூன் என்னும் நீர்ப்பறவை ஏரியின் நடுவிலிருந்து நீட்டி அழுதது. அந்தக் குரலைக் கேட்டுத்தானோ, இருட்டும் தண்ணீரும் சேர்ந்து நினைவூட்டினவோ அறியேன், அண்ணன் கிளாலியைப் பற்றிச் சொன்னார். அந்த வள்ளத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், குழந்தைகளை அழவிடாமல் எப்படி வைத்திருந்தார்கள், கரையில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்க்கத் தாம் ஏன் அஞ்சினார் என்பவற்றை எனக்குக்கூட அவர் அதுவரை சொன்னதில்லை. மகன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்தான். எல்லாத் தமிழும் அவனுக்கு விளங்கியிராது. ஆயினும் அவன் இடையிலே எழுந்து போகவில்லை.

ஊர் திரும்பியபின், மின்சுற்றுப் பாடம் வந்தபோது பழைய சைக்கிள் ஒன்றை வகுப்பிலே கவிழ்த்து வைத்தேன். மாணவர்களே, போகும் கம்பியை எல்லாரும் பார்ப்பார்கள். அதன் நிறத்தையும் தடிப்பையும் ஆராய்வார்கள். விளக்கு எரியாதபோது திரும்பும் வழியையும் சுரண்டிப் பாருங்கள். தொடுமுன் இணைப்பைத் துண்டியுங்கள். உங்கள் ஆசிரியர் ஒருமுறை மறந்துபோனார்.

அடுத்த கோடையில் அண்ணன் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். தகப்பனும் அவனும் மறுபடியும் புறப்படுகிறார்கள். வண்டியின் பின்விளக்குகள் இரண்டும் எரிகின்றன. படத்தின் கீழே, எழுத்துக் கூட்டி எழுதியதென்று தெரியும்படி, தமிழில் ஒரு வரி: "சித்தப்பா, மற்றக் கம்பி நல்லாய் இருக்கு."