அரியமங்கலத்துக் கூரையில் ஒரு சீசா

திருச்சியிலிருந்து தஞ்சைச் சாலையில் கிழக்கு நோக்கிச் செல்வோர்க்கு மலைக்கோட்டை கண்ணினின்று மறையுமுன்பே மற்றொரு மலை எதிர்ப்படும். அஃது அரியமங்கலத்துக் குப்பைமலை. ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்பில், அரை நூற்றாண்டுக் காலம் மாநகரின் கழிவனைத்தும் இங்கே கொட்டப்பட்டது. அண்மை ஆண்டுகளில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணியை மாநகராட்சி மேற்கொண்டது.

அப்பகுதியில் ஓர் இல்லத்திற்குக் கோடை நாளொன்றில் சென்றிருந்தேன். வயிற்றுப்போக்கால் வாடித் தேறிய சிறுமியொருத்தி திண்ணையில் அமர்ந்திருந்தாள். தகரக் கூரையின்மீது தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் சீசாக்கள் வரிசையாகப் படுத்திருந்தன.

"இவை எதற்கம்மா?" என வினவினேன்.

"குடிக்கிற தண்ணிதான் சாமி. வெயில்ல வச்சா கிருமி செத்துடும்னு மகளிர் குழுவுல சொல்லிக் குடுத்தாங்க" என்றார் தாய்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. பெய்ரூட் நகரின் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆஃப்டிம் அக்ரா, சூரிய ஒளியால் நீரைத் தூய்மையாக்கலாம் என்று 1980-இல் எடுத்துரைத்தார். சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆய்வகம் 1991 முதல் இதனை ஆராய்ந்து எளிய முறையாக்கிற்று. திருச்சியின் 'லீட்' தொண்டு நிறுவனமும் தமிழகச் சிற்றூர்களில் இதனைப் பரப்பியது.

செய்முறை மிக எளிது. நிறமற்ற, கீறலற்ற, இரண்டு லிட்டருக்கு மேற்படாத சீசாவைக் கழுவி, முக்கால் பங்கு நீர் ஊற்றிக் குலுக்கி, பின் முழுவதும் நிரப்பி மூட வேண்டும். சீசாவைச் செய்தித்தாளின் தலைப்பெழுத்தின்மீது நிறுத்தி வாய்வழியே நோக்கினால் எழுத்துத் தெரிய வேண்டும். தெரியாவிடில் நீரை வடிகட்டித் தெளிவித்தல் வேண்டும். நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் போதும். வானில் பாதிக்கு மேல் மேகம் சூழ்ந்தால் இரண்டு நாட்கள் வேண்டும். அடைமழைக் காலத்தில் காய்ச்சிக் குடிப்பதே தக்கது. ஒளியின் புறஊதாக் கதிர்கள் கிருமிகளை அழிக்க, வெப்பம் துணைபுரிகின்றது.

இப்பணியை விரைவுபடுத்தும் பொருளும் உண்டு. வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டைஆக்சைடே அது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் டைட்டானியத் தாது நிறைந்துள்ளதை வாசகர் அறிவர். ஒளி பட்டால் இப்பொருள் நீரைப் பிளக்கவல்லது என ஜப்பானியரான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் வெளியிட்டனர். இப்பொருளைக் கொண்டு நுண்ணுயிர்களை அழிக்க இயலுமென்பதை அந்நாட்டினரே 1985-இல் காட்டினர். கதிரொளி பட்டதும் இதன் மேற்பரப்பில் தோன்றும் வீரியமிக்க துகள்கள் கிருமியின் மேலுறையைச் சிதைக்கின்றன. இது மட்டும் தேய்ந்து தீர்வதில்லை. எனினும் நீரில் கலந்த பொடியை மீண்டும் பிரித்தெடுப்பது கடினமாதலால், கண்ணாடி போன்றவற்றின்மீது பூச்சாகப் படியச் செய்து பயன்படுத்த முயல்கின்றனர்.

இவற்றையெல்லாம் அத்தாய்க்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் இடைமறித்தார்: "அப்போ கொல்லையில இருக்கிற கைபம்புத் தண்ணியையும் வெயில்ல வச்சுக் குடிக்கலாமா சாமி?"

ஒரு கணம் வாயடைத்து நின்றேன். இக்குப்பைக் கிடங்கின் மண்ணில் ஈயம், காட்மியம் முதலிய உலோகங்கள் இருப்பதைத் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டுள்ளனர். மழைநீரோடு நிலத்துள் இறங்கும் இத்தகைய நஞ்சைக் கதிரவன் அகற்றுவதில்லை. கிருமிக்கு உயிர் உண்டு, ஆகவே சாகும். ஈயத்திற்கு உயிரில்லை, எனவே அது சாவதுமில்லை.

"வேண்டாம் அம்மா. குழாயில் வரும் மாநகராட்சி நீரை மட்டும் வையுங்கள். பம்புத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாயிருந்தாலும் குடிக்க வேண்டாம்" என்றேன். அவர் சிறுமியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அன்பு வாசகர்களே, அத்தாய் செய்யக்கூடியதைச் செய்துவிட்டார். கதிரவனும் தன் கடனைச் செய்கின்றது. எஞ்சியது நம் கடன். அக்கைபம்பில் நஞ்சு இறங்குமாயின் அது நம் வீட்டுக் குப்பையிலிருந்து வந்ததே. மக்கும் குப்பையை வேறாகவும், பழைய மின்கலம், பெயிண்டு டப்பா போன்றவற்றை வேறாகவும் பிரித்துக் கொடுக்க நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும். வெயில் செய்ய இயலாததை அந்த ஐந்து நிமிடம் செய்யும்.