கோட்டைக்குள் ஒரு கையெழுத்து

மேத்தன் மணி அடிக்கும்போது வெளியூர்க்காரர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். தாடிவைத்த முகம் வாயைத் திறக்க, இரண்டு ஆட்டுக்கடாக்கள் இருபுறமும் வந்து கன்னத்தில் முட்டும். பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே ஸ்வாதித் திருநாள் காலத்தில் வைத்த கடிகாரம். இடையிடையே நின்றுபோய்ப் பழுதுபார்த்ததும் உண்டு. கோட்டைக்குள் பிறந்த நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நின்றுபோனால்தான் அது இருந்ததே நினைவுக்கு வரும்.

திருவனந்தபுரத்தில் பெரிய கட்டிடங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஸ்வாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகையில், கூரையின்கீழ் வரிசைகட்டி நிற்கும் 122 மரக்குதிரைகளைச் சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். சென்னையில் செனட் இல்லத்தைக் கட்டிய சிஸ்ஹோம், 1880இல் இங்கே முடித்துக் கொடுத்த நேப்பியர் மியூசியம் இன்னும் மியூசியம்தான். 1896இல் விக்டோரியா ராணியின் பெயரில் எழுந்த டவுன் ஹால், 2019 முதல் அய்யன்காளி ஹால். அவர் உறுப்பினராக இருந்த ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிய இடம் அது. பெயர் மாறியதில் சிலருக்கு வருத்தம். எனக்கு அந்தக் கட்டிடம் இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

என் கவலை யாரும் சீட்டு வாங்காத வீடுகளைப் பற்றி.

1795இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே வந்தது. கோயில் கைங்கரியத்துக்கும் அரண்மனைக் கணக்குக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் கோயிலைச் சுற்றி அக்கிரகாரங்களில் நிலைத்துவிட்டன. 'பள்ளிகொண்டபுரம்' நாவலில் நீல பத்மநாபன் சுற்றிக்காட்டும் ஊர் இதுதான். எங்கள் வீடும் அப்படிப்பட்ட ஒன்று. திண்ணை, ரேழி, கூடம், அதற்கப்பால் கிணறு, கொல்லை என்று ரயில்பெட்டி மாதிரி நீளும். மேலே பலகை பாவிய மச்சு. கோடையிலும் கூடத்தில் மின்விசிறி வேண்டாம்.

இந்த வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. என் வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒருவர் இடித்தால், இதுவரை மழையே காணாத பக்கத்துச் சுவர் இடவப்பாதி மழையில் நேராக நனைகிறது. இரண்டு வருஷத்தில் அதுவும் உப்பி உதிர்கிறது. பிறகு அந்த வீட்டுக்காரரும் காண்டிராக்டரைத் தேடுகிறார். எங்கள் தெருவில் கான்கிரீட் இப்படித்தான் வீடுவீடாக நகர்ந்து வந்தது. போன வருஷம் எங்கள் வடக்குச் சுவருக்கு வந்து சேர்ந்தது.

வாங்க வந்தவர் மனைக்கு ஒரு விலை சொன்னார். தூண், கதவு, மச்சுப் பலகைக்குத் தனி விலை. "எல்லாம் ஆஞ்சிலி, ரிசார்ட்காரங்க தேடிக்கிட்டிருக்காங்க" என்றார். வீட்டைவிட அதன் உதிரி பாகங்களுக்கு மரியாதை அதிகம்.

பங்குதாரர்கள் மூன்று பேர். நாகர்கோவிலில் இருக்கும் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவள் கேட்டது நெல்லறைக் கதவை மட்டும். மும்பையிலிருந்து அண்ணா போனில் கத்தினார்: "ஓடு மாத்தறது யாருடா? கரையானுக்கு மருந்தடிக்கிறது யாரு? என் பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நீ அங்கே மியூசியமா நடத்தப் போறே?"

அவர் சொல்வதில் பாதி நியாயம். பழசைக் காப்பாற்று என்று மேடையில் பேசுபவர்கள் யாரும் ஓட்டுக்குப் பணம் தருவதில்லை. அந்தப் பழசும் முழுக்க இனிமையானதல்ல. 1936 நவம்பர் 12 கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை அந்தக் கோயில் வாசல் யாருக்கெல்லாம் மூடியிருந்தது என்பது இந்தத் திண்ணைகளுக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்த திண்ணைகள். அவை போய்விட்டால் அந்தக் கதையை எங்கே நின்று சொல்வது?

பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மண்ணில் இருக்கிறது. பராமரிப்பது கேரளத் தொல்பொருள் துறை. இரண்டு மாநிலங்கள் இதில் ஒத்துப்போக முடிகிறது. மூன்று உடன்பிறப்புகளால் முடியவில்லை.

பத்திரம் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வடக்குச் சுவருக்குச் சாரல் தடுக்க ஓட்டுத் தாழ்வாரம் இறக்க என்ன செலவாகும் என்று ஒரு ஆசாரியிடம் கேட்டிருக்கிறேன். தொகையைப் பார்த்துவிட்டு அண்ணாவுக்குப் போன் செய்ய வேண்டும். இடவப்பாதிக்கு முன்னால் வருகிறேன் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார்.