கிணற்றடிப் பாடம்

புங்குடுதீவு மடத்துவெளியில், பிள்ளைகளை மண்ணோடும் மரபோடும் இணைக்கும் பள்ளியொன்றை அமைப்பதாயின், அதன் முதற்பாடம் கிணற்றடியிலே தொடங்குதல் வேண்டும். சுண்ணக்கற் பாறைமீது கிடக்கும் அத்தீவில் ஆறு இல்லை. மாரிமழை நிலத்துள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். புவியியலையும் கணிதத்தையும் வேளாண்மையையும் ஒரு வாளி நீரிலேயே கற்பிக்கலாம். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியிலே இராட்டினம் பெற்ற இடத்தை இங்கே கிணறு பெறும்.

ஆயின், மரபு என்னும் சொல் மேடைகளில் இனிப்பாகவே வழங்குகின்றது. இதே தீவில் நன்னீர்க் கிணறுகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அவ்வூரவரான எழுத்தாளர் மு. தளையசிங்கம், ஒடுக்கப்பட்டோர் கோயிற் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காக 1971இல் போராடித் தாக்குதலுக்குள்ளானார்; 1973இல் மறைந்தார். 1991இன் இடப்பெயர்வில் ஊர் வெறிச்சோடியது. கிணறுகள் பல தூர்ந்தன. புலம்பெயர்ந்தோர் பணம் கட்டடத்தை எழுப்பிவிடும், அது பெரிய காரியமன்று. தூர்ந்த கிணற்றைத் துப்புரவாக்கும் பிள்ளை, முன்னர் அதில் அள்ளியவர் யார், எட்ட நின்று கையேந்தியவர் யார் என்றும் கேட்க வேண்டும். பாட்டியைக் கேட்டால் சொல்வார். எந்தப் பாட்டியைக் கேட்பது என்பதில்தான் சிக்கல்.