அவைக்கு அனுப்பும் ஓலை

சென்ற மாதம் ஒரு மாலை, இரண்டாமாண்டு இளங்கலைத் தமிழ் மாணவர்களின் தன்விவரக் குறிப்புகளோடு துறையில் உட்கார்ந்திருந்தேன். கோடை விடுமுறையில் அவர்கள் இன்டர்ன்ஷிப் போயாக வேண்டும். பதிப்பகம், நாளிதழ், பண்பலை வானொலி என்று ஆளுக்கொரு திசையில் விண்ணப்பிக்கிறார்கள். துறையில் கணினியோடு சற்றுப் பழகியவன் என்ற குற்றத்துக்காக அவற்றைத் திருத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது.

மொத்தம் பத்தொன்பது தாள்கள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பெற்றவர்களாலும் சொல்ல முடியாது. எல்லாம் ஆங்கிலத்தில், தமிழ்ப் பதிப்பகத்துக்கு அனுப்ப இருப்பவைகூட. எல்லோருக்கும் முதல் வரியில் ஒரே இலட்சியம்: சவால் நிறைந்த சூழலில் தம் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் உதவுவது. பிறகு தந்தை பெயர், மதம், திருமணமாகாதவர் என்ற தகவல். பொழுதுபோக்கு, புத்தகம் படித்தல். (என்ன புத்தகம் என்று கேட்டால் பாதிப்பேர் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.) கடைசியில், மேற்கண்ட யாவும் உண்மை என்ற உறுதிமொழியும் கையொப்பமும்.

விசாரித்ததில் மூலநூல் அகப்பட்டது. கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைக் கணினியில், என்றோ படித்துவிட்டுப் போன ஒருவரின் கோப்பு இருக்கிறது. பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றி அச்சடித்துத் தருகிறார்கள். ஒரு மாணவனின் தாளில் தந்தை பெயரை மாற்ற மறந்திருந்தார்கள். அவனும் கையொப்பமிட்டு அது உண்மை என்று உறுதி கூறியிருந்தான். இவ்வாண்டு நான்கைந்து பேர் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். அவற்றில் மொழி மினுமினுத்தது. ஆளைத்தான் காணவில்லை.

அவற்றுள் ஒரு மாணவியின் தாள் பாதிப் பக்கத்தோடு நின்றிருந்தது. அவள் விண்ணப்பிப்பது ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் பயிற்சிக்கு. அழைத்துக் கேட்டேன்.

"உன்னைப் பற்றி ஒன்றுமே இல்லையே அம்மா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா."

"சனி, ஞாயிறுகளில் என்ன செய்வாய்?"

தயங்கினாள். அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறாளாம். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து. பதினான்கு பேர். சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் மூன்றும் அவள் கையெழுத்தில்தான். வங்கிக்குக் கடன் விண்ணப்பம் எழுதுவதும் அவளே.

"தீர்மானம் எப்படி எழுதுவாய்?"

"எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்கய்யா. சண்டையும் நடக்கும். முடிஞ்சதும் நாலு வரியில எழுதி வாசிச்சுக் காட்டுவேன். யாராவது 'நான் அப்படிச் சொல்லலை'ன்னா அடிச்சுட்டு மறுபடி எழுதுவேன்."

பதிப்பாசிரியரின் வேலை இதைத் தவிர வேறென்ன? இதை ஏன் எழுதவில்லை என்றதற்கு அவள் சொன்னாள்: "அது வேலை இல்லையேய்யா. அதோட, நம்மைப் பத்தி நாமே எப்படி எழுதறது?"

இந்தக் கேள்வியில் எனக்கும் பங்குண்டு. அவையடக்கம் பற்றி ஒவ்வோராண்டும் உருகி உருகிப் பாடம் நடத்துகிறவன் நான். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கம்பர் தம்மைச் சொல்லிக்கொண்டதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், தமக்குக் கணக்கு எழுதத் தெரியும் என்று எப்படிச் சொல்லிக்கொள்வார்கள்?

ஆனால் அதே வகுப்பில் நாம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு நூற்பா நன்னூல் பாயிரத்தில் இருக்கிறது. தற்புகழ்ச்சி தகாது என்று முதலில் சொல்லிவிட்டு, பவணந்தியார் நான்கு இடங்களில் அதற்கு விலக்குத் தருகிறார். தன் ஆற்றல் அறியாதவரிடையே, அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், மாற்றான் தன்னைப் பழித்தபோது. இவை மூன்று. இவற்றுக்கெல்லாம் முன்னால், முதலாவதாக அவர் வைத்திருப்பது அரசவைக்கு ஓலை விடுக்கும்போது! பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்தச் சமணத் துறவி நம் பிள்ளைகளுக்கு அனுமதிச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றுள் 'கேட்போர்', 'பயன்' என்ற இரண்டையும் அவர் சொல்கிறார். ஓலையைப் படிக்கப்போவது யார், அவருக்கு இதனால் என்ன பயன் என்று எண்ணிப் பார்த்தால், தந்தை பெயரும் மதமும் தாமாகவே உதிர்ந்துவிடும்.

இவ்வளவு ஞானமும் எனக்குக் காலம் கடந்து வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் நாளிதழ் ஒன்றின் பயிற்சிக்கு விண்ணப்பித்தான். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஐந்தாண்டுகள் வீடு வீடாகப் பேப்பர் போட்டவன். அதைத் தன் குறிப்பில் எழுதியும் இருந்தான். நான் சிவப்பு மையால் அந்த வரியை அடித்தேன். "இது கௌரவமாக இல்லையப்பா" என்று சொல்லி, அந்த இடத்தில் 'தலைமைப் பண்பு, இலக்கிய ஆர்வம்' என்று எழுதிக் கொடுத்தேன். நேர்காணலில் தலைமைப் பண்புக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டிருக்கிறார்கள். இவன் விழித்திருக்கிறான். இடம் கிடைக்கவில்லை.

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. "பேப்பர் போட்டதைச் சொல்லலாம்னுதான் வாய் வந்ததுய்யா. நீங்க அடிச்ச வரியாச்சேன்னு விட்டுட்டேன்" என்றான், அவ்வளவுதான். எந்தத் தலைப்பை டீக்கடையில் உரக்கப் படிக்கிறார்கள், எந்தப் பக்கத்தை வடைக்குக் கிழிக்கிறார்கள் என்று அந்த அலுவலகத்தில் அவனளவுக்கு அறிந்தவர் எத்தனைபேர் இருந்திருப்பார்கள்?

அந்தச் சிவப்புக் கோடு நினைவிலிருப்பதால், மாணவியின் தாளில் நான் பேனாவை வைக்கவில்லை. கேள்வி மட்டும் கேட்டேன். எத்தனை பேர்? எத்தனை ஆண்டு? கணக்கில் பிழை வந்ததுண்டா? வந்தபோது என்ன செய்தாய்? அவள் விடைகளை அவளே வரிகளாக்கினாள். 'கணக்கில் ஆர்வம் உண்டு' என்று எழுதியதை அவளாகவே அடித்து, 'பதினான்கு உறுப்பினர் கொண்ட குழுவின் மூன்று பதிவேடுகளை மூன்று ஆண்டுகளாக எழுதி வருகிறேன்' என்றாள். தமிழில்தான். அண்மையில் செய்தது மேலே, பழையது கீழே. ஐந்து நிமிடம் பேச முடியாத எதுவும் தாளில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி மட்டும் நான் சொன்னேன். புத்தகம் படித்தல் போய், அவள் இருமுறை படித்த ஒரு நாவலின் பெயர் வந்தது. விளையாட்டாக வைத்திருந்த மின்னஞ்சல் முகவரியும் மாறியது. எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிற்று.

பரிந்துரைப்போர் என்ற இடத்தில் நின்றாள். சிறப்புப் பாயிரம் செய்யத் தக்கவராக நன்னூல் சொல்லும் நால்வருள் ஆசிரியரும் ஒருவர் என்பதால் என் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டாள். பிறகு, "குழுத் தலைவி அக்கா பேரையும் போடலாமாய்யா? அவங்க எட்டாவதுதான் படிச்சிருக்காங்க" என்றாள்.

அந்த அக்காவின் பெயரை மேலேயும் என் பெயரைக் கீழேயும் எழுதச் சொன்னேன். பதிப்பகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. மீதிப் பதினெட்டுத் தாள்களில் பதினொன்று மேசையில் இருக்கின்றன. நாளைக்கு வரச் சொல்லியிருப்பது, தந்தை பெயரை மாற்ற மறந்த பையனை.