முப்பத்தொரு முகவரிகள்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டனர். இயற்பியல் முதுகலை படிப்பவன் ஆயிற்றே, அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எழுதித் தருவான் என்று எண்ணியிருப்பார்கள் போலும்! எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால், சென்ற ஆடித் திங்களில் என் கையால் நேர்ந்த பிழை ஒன்று இன்னும் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருக்கிறது. அது இருக்கும்வரை அணு எங்கே வரும்? அன்பர்களே, அந்தப் பிழையையே எழுதுகிறேன். உங்களுள் சிலர் அதை முன்னரே அறிவீர்கள்; அறிந்தவர்கள் பொறுத்தருள்க.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கரிசல் காடு. படிக்க வந்து ஈராண்டு ஆகிறது. விடுதியில் இடம் கிடைக்காமையால் கிழக்கேகோட்டையில் ஒரு மாடியறையில் இருக்கிறேன். சன்னலைத் திறந்தால் பேருந்து நிலையத்து இரைச்சல். சாலைக் கம்போளத்திற்குள் இறங்கினால் பத்தடிக்கு ஒரு தமிழ்க் குரல். ஊரை விட்டு வந்தவனுக்கு அதுவே பாதி ஊர். கீழ்வீட்டில் இருக்கும் தாத்தா நாகர்கோவில் பக்கத்தவர். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோது, அவருடைய தந்தையாரின் பிழைப்பு இங்கே இருந்ததால் குடும்பமும் இங்கேயே தங்கிவிட்டதாம். தாத்தா ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பின்னால் வருவார்.

நம் சங்கத்தில் ஒரு சிறு நிதி உண்டு. படித்து முடித்துப் போன அண்ணன்மார் சிலரும் கம்போளத்து வணிகர் சிலரும் மாதந்தோறும் கொடுக்கும் பணம் அது. உணவுக் கட்டணம் கட்ட இயலாத மாணவர்க்கு அதிலிருந்து உதவுகிறோம். கொடுப்பவர் யாருக்கென்று கேட்பதில்லை. பெறுபவர் தம்மோடு வேறு யார் பெறுகிறார் என்று அறிவதில்லை. செயலர் ஒருவருக்கே பெயர்கள் தெரியும். எனக்கு முன்னிருந்த செயலர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அதிலே பெயரே கிடையாது, எண்கள் மட்டும். ஒன்று, இரண்டு என்று முப்பத்தொன்று வரை. ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு, தோளில் கைபோட்டுத் தேநீர்க் கடைப் பக்கம் அழைத்துப் போய்ச் செய்தியைச் சொல்லுவார்.

ஆனி மாதத்தில் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு அந்த நோட்டைக் கண்டதும் சிரிப்புத்தான் வந்தது. "கையிலே கணினி இருக்க, இவர் ஏன் முப்பத்தொரு தேநீர் குடித்தார்?" என்று எண்ணினேன். அறிவியல் படிக்கிறோம் என்னும் செருக்கு இருக்கிறதே, அது பொல்லாதது. ஓர் இரவு உட்கார்ந்து முப்பத்தொருவரின் மின்னஞ்சல் முகவரிகளையும் திரட்டினேன். அப்படியே ஒரே வாரியாக வாரி, பெறுநர் என்னும் முதற்பெட்டியில் கொட்டினேன். "உணவுக் கட்டண உதவி பெறுவோர் வெள்ளிக்கிழமைக்குள் என்னை வந்து கண்டு கையொப்பமிட வேண்டுகிறேன்" என்று எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அரை நொடியில் வேலை முடிந்தது. கீழே இறங்கிப் போய், மனநிறைவோடு நான்கு தோசை தின்றேன்.

முதல் மறுமொழி அன்றிரவே வந்தது. "அண்ணே, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறேன். திங்கள்கிழமை வரலாமா?" சூதறியாத கேள்வி. ஆனால், அந்தத் தம்பி 'அனைவருக்கும் மறுமொழி' என்பதை அழுத்திவிட்டான். கேள்வி முப்பத்தொருவருக்கும் போயிற்று. பின்னர் இன்னொருவர், பின்னர் மற்றொருவர். அப்போதுதான் எல்லோரும் கடிதத்தின் நெற்றியை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே முப்பத்தொரு முகவரிகளும் வரிசையாய் நின்றன. முகவரி என்றால் என்ன? பெயர் அதிலே இருக்கிறது. சிலருடையதில் பிறந்த ஆண்டும் ஊரும்கூட இருக்கின்றன. விடிவதற்குள் யாரோ அதைப் படம் பிடித்து விடுதிக் குழுவில் போட்டுவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

பத்மதீர்த்தக் குளத்தை நோக்கியபடி இருக்கும் மேத்தன் மணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணிக்கொரு முறை தாடிக்கார முகம் ஒன்று வாய் திறக்கும். இருபுறமும் ஆட்டுக்கடாக்கள் கன்னத்தில் முட்டும். அப்படி அமைத்த பொறி அது. மறுநாள் காலை அந்த வழியாக நடந்தபோது, அந்த முகம் என்னுடையதாகத் தோன்றிற்று. ஊருக்கெல்லாம் வாய் திறந்துவிட்டேன். இனி முட்டு வாங்க வேண்டியதுதானே!

எண் பதினேழுக்கு உரிய தம்பி இரண்டு நாளாக வகுப்பிற்கு வரவில்லை. மாலையில் அவன் ஒரு கடையில் கணக்கெழுதுகிறான் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். ஈரச் சாக்கும் கற்பூரமும் கலந்த மணம். தலைக்கு மேலே ஒரே ஒரு விளக்கு. என்னைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தான்.

"என்ன தம்பி, வகுப்புக்கு வரவில்லையாமே?"

"வேலை இருந்துச்சுண்ணே."

"அந்தக் கடிதம்..."

"அத விடுங்கண்ணே. எம்பேர லிஸ்டுல இருந்து எடுத்திருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"எடுத்துவிட்டுக் கட்டணத்துக்கு என்ன செய்வாய்?"

சிறிது நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஸ்காலர்ஷிப்புன்னுதான் வீட்ல சொல்லி வச்சிருந்தேன். அந்த லிஸ்டுல எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் இருக்கான். அவனும் வாங்குதான்னு எனக்குத் தெரியாது, நான் வாங்குதேன்னு அவனுக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சு போச்சு. அவன் தப்பா ஒண்ணும் சொல்லலண்ணே. அவங்க வீட்ல சொல்லியிருக்கான், அது எங்கப்பா காதுக்குப் போயிட்டு. பிள்ளையை அடுத்தவன் காசுல சோறு திங்க விட்டுட்டமேன்னு அம்மா கம்மலை வச்சுப் பணம் அனுப்பிட்டாவ."

அவன் என்மேல் சினம் கொள்ளவில்லை. சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பணம் கொடுப்பதாகச் சொன்னேன். தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்றிரவு திண்ணையில் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மக்கா, நாங்க டைப் அடிச்ச காலத்துலயே இதுக்கு வழி உண்டு. ஒரு கடிதம் அடிக்கணும்னா நடுநடுவுல கார்பன் தாள் வச்சு நாலு தாள் செருகுவோம். நகல் யார் யாருக்குப் போகுதுன்னு கீழ அடிக்கணும். ஆனா ஒருத்தருக்குப் போறது மத்தவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு வையி, அசலையும் மத்த நகலையும் உருவி எடுத்துருவோம். மிச்சமிருக்க ஒத்தத் தாள மட்டும் திரும்பச் செருகி, அதுல மட்டும் அந்தப் பேர அடிப்போம். பிளைண்டு காப்பின்னு பேரு. குருடு ஆளுக்கில்ல மக்கா, மத்த தாளுக்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாள்தோறும் கணினித் திரையில் 'பிசிசி' என்று ஒரு பெட்டியைப் பார்க்கிறோமே, அது இந்தத் தாத்தாவின் நான்காவது தாள்! கார்பன் தாளுக்கு இங்கிலாந்தில் ரால்ப் வெட்ஜ்வுட் என்பவர் காப்புரிமை பெற்றது 1806-இல். ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலைவழியே மடல் அனுப்பியது 1971-இல். 1982-இல் வகுத்த மின்னஞ்சல் விதிகளில் பெறுநர், நகல், மறைநகல் என்னும் மூன்றும் தெளிவாக இடம்பெற்றுவிட்டன. தட்டச்சுப் பொறி போயிற்று; தாள் போயிற்று; அந்த மறைவு மட்டும் பெட்டியாகி நிற்கிறது. கண்ணுக்கெதிரே நின்றும் நான் அதைத் தொடவில்லை.

அது வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இயற்பியல்காரனுக்கு அந்த ஆறுதலாவது வேண்டாமா? அஞ்சலில் உறை வேறு, உள்ளிருக்கும் கடிதம் வேறு. அஞ்சல்காரர் பார்ப்பது உறையை. நாம் படிப்பது கடிதத்தை. மின்னஞ்சலிலும் அப்படியே. அனுப்பும் பொறி, இன்னின்னாருக்குச் சேர்க்க என்று அடுத்த பொறியிடம் தனியே சொல்லுகிறது; அது உறை. நாம் காணும் 'பெறுநர்' வரி கடிதத்தின் தலைப்பில் இருக்கிறது. மறைநகல் பெட்டியில் இட்ட பெயர்கள் உறையில் மட்டும் ஏறும். மற்றவர் காணும் தலைப்பில் ஏறா. ஆகவே, பெறுநர் பெட்டியில் சங்கத்தின் சொந்த முகவரியை இட்டு, முப்பத்தொருவரையும் மறைநகலில் இட்டிருந்தால், ஒவ்வொருவரும் சங்கத்தின் பெயரை மட்டுமே கண்டிருப்பர். யாரேனும் 'அனைவருக்கும் மறுமொழி' அழுத்தினாலும் அது என்னிடம் மட்டுமே திரும்பி வந்திருக்கும். திங்கட்கிழமை வரலாமா என்ற கேள்வி என்னோடு நின்றிருக்கும். அந்தக் கம்மலும் காதிலேயே இருந்திருக்கும்.

அதே பெட்டிக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. நண்பனுக்குக் கடுமொழி எழுதிவிட்டு, அவனறியாமல் அவன் பேராசிரியருக்கும் ஒரு நகல் தள்ளும் கோழைகளுக்கும் அதே பெட்டிதான் உதவுகிறது. அந்தப் பழக்கம் நம் வளாகத்திலும் உண்டு. அதைப் பற்றி வேறொருவர் எழுதட்டும்.

பின்னர்ச் சில நாட்கள் ஆய்வகத்தை மறந்து, என்னைப் போல் பிழை செய்தவர் உலகில் வேறு யார் என்று தேடிப் படித்தேன். துணை தேடும் மனம்! இலண்டனில் '56 டீன் ஸ்ட்ரீட்' என்னும் மருத்துவ நிலையம் 2015 செப்டம்பரில் 781 பேருக்கு ஒரு செய்திமடலை அனுப்பியது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான சேவையின் மடல் அது. முகவரிகள் எல்லாம் வெளிப்படையாய் நின்றன; பெரும்பாலானவற்றில் முழுப் பெயரும் இருந்தது. 2016-இல் அந்நாட்டுத் தகவல் ஆணையர் 1,80,000 பவுன் தண்டம் விதித்தார். இன்னொன்று இதனினும் கொடிது. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போயிற்று. பிரித்தானியப் படைக்கு உதவியதால் உயிருக்கு அஞ்சி வெளியேற விண்ணப்பித்திருந்த ஆப்கானியர் 245 பேருக்கு, செப்டம்பர் 20 அன்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு மடல் அனுப்பியது. முகவரிகள் அனைத்தும், என்னைப் போலவே, முதற்பெட்டியில்! ஐம்பத்தைந்து பேருக்குச் சிறு படமும் தெரிந்தது. பெற்றவர்களுள் ஒருவர் 'அனைவருக்கும் மறுமொழி' அழுத்தித் தாம் ஒளிந்திருக்கும் இடத்தையே எழுதிவிட்டார். 2023 டிசம்பரில் 3,50,000 பவுன் தண்டம் வந்தது. அந்த ஒருவர் எழுதிய வரியை எண்ணினால் இன்றும் எனக்கு உறக்கம் போகிறது. திங்கட்கிழமை வரலாமா என்று கேட்ட நம் தம்பிக்கும் அவருக்கும் வேறுபாடு இருக்கும் இடத்தில்தானே!

நம் நாட்டிலும் 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-இல் தனிமனிதத் தரவுகளைக் காப்பதற்குச் சட்டமும் வந்தது. தம்பியின் தாயார் இவற்றையெல்லாம் அறிந்திருப்பாரா?

இப்போது சங்கத்தில் என்ன செய்கிறோம் என்றும் கேட்பீர்கள். கூட்ட அறிவிப்பு, பொங்கல் விழா அழைப்பு ஆகியவை மறைநகலில் போகின்றன. பணம் பற்றியவை அப்படியும் போவதில்லை. கை தவறிப் பெட்டி மாறுவதற்கு ஒரு நொடி போதும் என்பதைப் பட்டறிந்தவன் நான். இத்தகைய செய்திகளுக்கு மறைநகலை நம்பியிருக்க வேண்டாம் என்று பிரித்தானிய ஆணையர் அலுவலகமும் 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. பட்டியலைக் கொடுத்தால் ஆளுக்கொரு கடிதமாய்ப் பிரித்து அனுப்பும் முறை கணினியிலேயே உண்டு. ஆயினும், முதல் மாதம் நான் ஒவ்வொன்றாகக் கையாலேயே எழுதினேன். இரவு பத்தரை ஆயிற்று. எழுத எழுதத்தான், அந்தப் பழைய செயலர் ஏன் அத்தனை தேநீர் குடித்தார் என்பது விளங்கிற்று. அவரை அலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் சிரித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

முப்பது கடிதங்கள்தாம் எழுதினேன். எண் பதினேழை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அந்தத் தம்பியிடமே கொடுத்தேன். அவன் வேண்டாம் என்றால் கிழித்துப் போடுவதாய்ச் சொன்னேன். தாத்தாவின் திண்ணை விளக்கடியில் அமர்ந்து மெல்லப் படித்தான். பேனா கேட்டான். தன் ஊர்ப் பெயர் இருந்த வரியை அடித்தான். கடையின் பெயரையும், அங்கே விற்கும் பொருளையும் அடித்தான். அந்த இடங்களில் எல்லாம் நான் வேறு ஏதோ எழுதியிருக்கிறேன்; ஆகவே, ஈரச் சாக்கையும் கற்பூரத்தையும் மோப்பம் பிடித்துக்கொண்டு யாரும் போக வேண்டாம். கம்மல் இருந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. அதையும் அடிக்கப் போகிறான் என்று எண்ணினேன்.

அடிக்கவில்லை. மூடியை மாட்டிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். "கடைசி பஸ் போயிரும்ணே" என்று சொல்லிவிட்டு, நிலையத்தை நோக்கி ஓடினான்.