ஆறரை நிமிச முட்டை

தம்பி ஜப்பானுக்குப் போய் மூன்றாவது மாதம் ஒரு படம் அனுப்பினான். பெரிய கோப்பை நிறைய ராமென். மேலே பாதியாக வெட்டின ஒரு முட்டை. வெள்ளைக் கரு தேத்தண்ணி நிறம். மஞ்சள் கரு கித்துள் பாணி மாதிரி வழியுது. எனக்கு வாயூறியது. அம்மாவுக்குக் கண் கலங்கியது.

"என்ர பிள்ளைக்கு முட்டையை ஒழுங்கா அவிச்சுக் குடுக்க அங்க ஒருத்தரும் இல்லையே. பச்சையா எல்லே கிடக்கு."

அது அப்படித்தான் அவிக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் அம்மா நம்பவில்லை. நான் பெரியபிள்ளை ஆனபோது பச்சை முட்டையையும் நல்லெண்ணெயையும் மூக்கைப் பொத்திப் பருக்கின அதே அம்மாதான்! கேட்டால், "அது மருந்து, இது சாப்பாடு" என்கிறா. சரி, செய்தே காட்டுவம் என்று வெளிக்கிட்டேன்.

அந்த முட்டைக்குப் பெயர் அஜித்சுகே தமாகோ. தமாகோ என்றால் முட்டை. அஜித்சுகே என்றால் சுவையூட்டியது. சுருக்கமாக அஜிதமா. அரை அவியலாக அவித்து, கோது உரித்து, சோயா சோஸ், மிரின், சாகே எல்லாம் கலந்த தண்ணியில் ஊறவிடுவார்கள். மிரின் இனிப்பான அரிசி மது, சாகேயும் அரிசியில் செய்வதுதான். எங்கட சந்திக் கடையில் இருந்தது சோயா சோஸ் மட்டும். மற்ற இரண்டுக்கும் பதிலாகச் சீனியும் இஞ்சித் துண்டும் போட்டேன். ஜப்பான்காரர் மன்னிக்க வேணும்.

முதல் தரம் 8 நிமிடம் அவித்தேன். மஞ்சள் கரு இறுகிவிட்டது. அம்மா விரும்பிச் சாப்பிட்டா, அதாவது எனக்குத் தோல்வி. இரண்டாம் தரம் பக்கத்து வீட்டுக் கோழி அன்று இட்ட முட்டை. கோதோடு சேர்ந்து வெள்ளைக் கருவும் பிய்ந்து வந்தது. புது முட்டையில் உள்தோல் வெள்ளைக் கருவோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கிழமை வைத்த முட்டைதான் உரிக்க லேசு.

மூன்றாம் தரம் சரிவந்தது. பிரிட்ஜில் இருந்த முட்டையை நன்றாகக் கொதிக்கிற தண்ணியில் மெதுவாக இறக்கி, ஆறரை நிமிடம். முதல் இரண்டு நிமிடம் கரண்டியால் மெல்லச் சுத்திக்கொண்டே இருந்தால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும். எடுத்ததும் ஐஸ் தண்ணியில் போட வேணும், இல்லாட்டி உள்சூடு தொடர்ந்து அவித்துவிடும். அரைக் கப் சோயா சோஸ், அரைக் கப் தண்ணி, இரண்டு மேசைக்கரண்டி சீனி, இஞ்சி. கொதிக்கவைத்து, ஆறவிட்டு, உரித்த முட்டையைப் போட்டேன். முட்டை மிதக்கும், மேலே ஒரு டிசுவை நனைத்து மூடினால் எல்லாப் பக்கமும் நிறம் பிடிக்கும். ஓர் இரவு பிரிட்ஜில். அதற்கு மேல் விட்டால் உப்புக் கூடிவிடும்.

காலமை கத்தியை எடுத்தேன். "கத்தியை வை பிள்ளை, நூலை எடு" என்றா அம்மா.

சின்ன வயசில் எனக்கும் தம்பிக்கும் ஒரு முட்டைதான். பெரிசு சின்னன் என்று சண்டை வராமல் அம்மா தையல் நூலால்தான் வெட்டுவா. மஞ்சள் கரு கத்தியில் ஒட்டாமல் இருக்க ஜப்பானிலும் இப்படி நூலால் வெட்டுவார்கள் என்று சொன்னேன். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. பாதியை வாயில் போட்டா.

"உப்புக் கொஞ்சம் கூட. ஆனா நல்லாத்தான் இருக்கு. இதை அவன் ஒவ்வொரு நாளும் சாப்பிடுறவனோ?"

தம்பி எனக்கு மட்டும் சொல்லியிருந்தான். பகலில் மொழிப் பள்ளிக்கூடம், இரவில் கடை வேலை. மாணவர் வாரத்துக்கு 28 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம்; வாற காசு வாடகைக்கே சரி. அந்த ராமென் கூட்டாளி ஒருத்தன் வாங்கிக் கொடுத்தது. மற்ற நாளில் கடையில் விற்கிற சோற்று உருண்டை ஒன்று, ஊறவைத்த முட்டை ஒன்று.

"ஓம் அம்மா, முட்டை ஒவ்வொரு நாளும்" என்றேன். பொய்யில்லை.

அம்மா மற்றப் பாதியைச் சாப்பிடவில்லை. சின்னத் தட்டில் வைத்து, மூடி, பிரிட்ஜில் வைத்தா. ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் காலமை அது அப்படியே இருந்தது. நான்தான் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூடத்தான்.