நவரைக்கு மணல் போடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தைலம் தேய்க்க விடுகிறாள், மாத்திரை போடத்தான் அடம். அத்தான் நேற்றிலிருந்து கடலுக்குப் போகிறார். வீட்டில் வேறு குறை இல்லை. நீ அனுப்பிய படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசே ஆறவில்லை. சென்னை வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து அதில் நவரை மீனை விட்டிருக்கிறாயே, அடியில் என்னடா அது, நீலக் கலர் கூழாங்கல்?

பாம்பனில் பிறந்த பிள்ளை நீ. விலாவில் மஞ்சள் திட்டும் வால் பக்கம் கறுப்புப் பொட்டும் பார்த்தால் நம் பவளப் பாரில் திரிகிற நவரை என்று உனக்குத் தெரியாதா? இப்போது விரல் நீளம்தான். வளர்ந்தால் ஒன்றரை அடி வரும். உன் தொட்டியில் அது திரும்பக்கூட இடம் இருக்காது.

அதன் தாடைக்கு அடியில் இருக்கிற இரண்டு மீசையை வைத்துத்தான் அது பிழைக்கிறது. நமக்கு நாக்கில் இருக்கிற சுவை மொட்டுகள் அதற்கு மீசையிலும் இருக்கின்றன. மணலுக்குள் மீசையை விட்டுத் துழாவிக்கொண்டே போகும். புழு, நண்டுக் குஞ்சு, சின்ன இறால், சிப்பி எது தட்டுப்பட்டாலும் மூஞ்சியைப் புதைத்துக் கிளறித் தின்னும். கிளறும்போது கலங்கி வருவதைப் பொறுக்க வேறு மீன்களும் அதன் பின்னாலேயே வரும். வேலை இல்லாத நேரத்தில் மீசையைத் தொண்டைக்குக் கீழே மடக்கி வைத்துக்கொள்ளும். நீ அனுப்பிய எல்லாப் படத்திலும் மடங்கியேதான் இருக்கிறது. துழாவ மணல் இல்லாத இடத்தில் அது வேறென்ன செய்யும், பாவம். கூர்மையான கல்லில் உரசினால் மீசை புண்ணாகிவிடும்.

அதை அறிவில்லாத மீன் என்று நினைக்காதே. செங்கடலில் இதே குடும்பத்து மஞ்சள் நவரைகளைக் கவனித்து 2011-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. அவை கூட்டாக வேட்டையாடுகின்றன. ஒன்று இரையைத் துரத்த, மற்றவை பவளப் பாறையைச் சுற்றிப் போய் அது தப்புகிற வழியை அடைக்கின்றன. படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. அப்படிப்பட்ட இனத்தில் ஒன்றை நீ தனியாகப் போட்டு வைத்திருக்கிறாய்.

கல்லை இன்றைக்கே அள்ளிவிடு. கடையில் பொடிப் பவள மணல் கேட்டு வாங்கி இரண்டு அங்குலமாவது பரப்பு. கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டாதே. பகலெல்லாம் மேய்கிற மீன் அது, ஒரு வேளைத் தீனி போதாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடு, இல்லாவிட்டால் இளைத்தே செத்துப்போகும். அந்தத் தொட்டியில் இறாலும் பொடி மீனும் விட்டிருந்தால் அவற்றை மாற்றிவிடு, விட்டுவைக்காது. ராத்திரியில் உடம்பு சிவப்புத் திட்டாகத் தெரிந்தால் நோய் என்று பயந்து மருந்தை ஊற்றாதே. நவரைகள் பலவும் இரவில் அப்படி நிறம் மாறும்.

பெரிதானதும் இடம் தாராளமாக இருக்கிற தொட்டிக்காரர் யாரிடமாவது கொடுத்துவிடு. மெரினாவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. உனக்கு மீன் மேல் ஆசை என்பது எனக்குத் தெரியும், அதற்காகத் திட்டவில்லை. ஆனால் பாரில் பிடித்த மீனை இனிமேல் விலைக்கு வாங்காதே, தம்பி.

அன்புடன்,
உன் அக்கா